கடலைத் திறந்துவிட்டவர்

கரிசல் காட்டில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். பாலவனத்தத்துக்கும் கடலுக்கும் என்ன உறவு? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் கம்பும் பருத்தியும். அவையும் பொய்த்துப் போனால் சீமைக் கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு, கரி விற்றுப் பிழைக்கும் மக்கள் நிறைந்த பூமி. குடிநீருக்கே குடங்கள் வரிசை கட்டி நிற்கும் ஊரில் ஆழ்கடல் பற்றிய கவலை எதற்கு?

நகைப்போருக்கு நாம் ஒரு பெயரை நினைவூட்டுகிறோம். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர் என்றே நாடு அவரை அறியும். ஆனால், 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அதன் தலைவராக அமர்ந்தவரும் அவரே. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய்; மொத்தம் 40,000 பங்குகள். கடல், வெள்ளைக் கம்பெனியின் தனிச் சொத்தல்ல, நாட்டு மக்களின் பொதுச் சொத்து என்று எடுத்துக்காட்ட வறண்ட பாலவனத்தம் அன்று முன்வந்தது. அந்த வட்டாரத்து மக்களுக்குக் கடலைப் பற்றிப் பேச உரிமை உண்டு; கடமையும் உண்டு.

இன்று அதே கடலில் வேறொரு கேள்வி எழுகிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும், அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986இல் தமிழக அரசு கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பவளங்களும், கடற்புல் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவும், ஆமையும், சங்கும், கடல் அட்டையும் வாழும் இடம் அது. மறுபுறம், முதுகிலே காற்றுக் கலத்தைக் கட்டிக்கொண்டு மூழ்கிக் கடலடியைக் கண்டு களிக்கும் ஸ்கூபா விளையாட்டு, அந்தமானிலும் புதுச்சேரியிலும் வாணிபமாக வளர்ந்துவிட்டது. மன்னார்த் தீவுகளிலும் களிமூழ்குவோரை விடலாமா, கூடாதா? கதவைத் திறந்துவிடு, காசு கொழிக்கும் என்கிறார் ஒரு சாரார். பூட்டைப் போடு, ஈ காக்கை நுழையக் கூடாது என்கிறார் மறு சாரார். இரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அந்தக் காற்றுக் கலத்தை உலகத்துக்குத் தந்தவர்களுள் ஒருவரான பிரெஞ்சுக்காரர் ழாக் கூஸ்தோவின் வாழ்க்கை அது. அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவர் விட்டுச்சென்ற கேள்வியோ இன்னும் உயிரோடு இருக்கிறது.

1910 ஜூன் 11ஆம் நாள், பிரான்சில் போர்தோ நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார் கூஸ்தோ. நோஞ்சான் பிள்ளை. படிப்பிலே பெரும் புகழ் பெற்றவரும் அல்லர். இயந்திரங்களைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பதிலும், படம் பிடிக்கும் கருவியிலும்தான் இளமையிலேயே நாட்டம். 1930இல் பிரெஸ்ட் நகரத்துக் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். கடற்படையில் சேர்ந்தாலும் கண் என்னவோ வானத்தின் மீது! விமானியாக வேண்டும் என்பதே அவர் கனவு. 1936இல் நடந்த கார் விபத்து அந்தக் கனவை நொறுக்கியது. இரு கைகளும் முறிந்தன. வானம் அவருக்கு மூடப்பட்டது.

முறிந்த கை தேறுவதற்காகத் தூலோன் துறைமுகத்தருகே நாள்தோறும் கடலில் நீந்தினார். அங்கே பிலிப் தையே என்ற கடற்படைத் தோழர் நீர்க்கண்ணாடி ஒன்றை அவரிடம் கொடுத்தார். அதை அணிந்து தலையை நீருக்குள் விட்டார் கூஸ்தோ. மேலே டிராம் வண்டியும் தெருக்கம்பமும் கொண்ட வாடிக்கையான உலகம். அரை முழத்துக்குக் கீழே அவர் காணாத காடு! அன்றே அவர் வாழ்வின் திசை மாறிவிட்டது.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காட்டுக்குள் அவர் காவலராக நுழையவில்லை; வேட்டைக்காரராகவே நுழைந்தார். தையே, தூமா என்ற தோழர்களோடு ஈட்டி எறிந்து மீன் குத்துவதே அந்நாளைய பொழுதுபோக்கு. எத்தனை ஆழம் போனோம், எத்தனை பெரிய மீனைக் குத்தினோம் என்பதே பேச்சு. குறை ஒன்றே ஒன்று: மூச்சு போதவில்லை. நம் முத்துக்குளிகாரருக்கு இருந்த அதே எல்லைதான் அவருக்கும் இருந்தது.

அந்த எல்லையை உடைத்தது போர்க்காலத்துப் பஞ்சம் என்பது வியப்பான செய்தி. ஜெர்மானியரின் பிடியிலிருந்த பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. வேறு எரிவாயுக்களால் கார் ஓட்டுவதற்காக எமில் கான்யான் என்ற பொறியியலாளர் ஒரு வால்வைச் செய்துகொண்டிருந்தார். இயந்திரம் இழுக்கும்போது மட்டும், இழுக்கும் அளவுக்கு மட்டும் வாயுவை விடும் வால்வு அது. இயந்திரத்துக்குப் பதில் மனித நுரையீரல் இழுத்தால் என்ன? கூஸ்தோவும் கான்யானும் சேர்ந்து அதைச் சீர்திருத்தினர். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு ஏறும். மூழ்குபவர் எந்த ஆழத்தில் இருக்கிறாரோ அந்த அழுத்தத்துக்கு ஏற்ற காற்றை, மூச்சிழுக்கும்தோறும் அளந்து கொடுக்க வேண்டும். அதைச் செய்தது அந்தக் கருவி. 1943 கோடையில் தென் பிரான்சின் கடலிலே அதை முதுகில் சுமந்து மூழ்கினார் கூஸ்தோ. கப்பலோடு பிணைக்கும் குழாய் இல்லை. இரும்புத் தொப்பி இல்லை. ஈயக் காலணி இல்லை. மனிதன் மீனைப் போல் தன் விருப்பப்படி திரும்பினான், தலைகீழாக நின்றான், மிதந்தான்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1947இல் ஆழத்தின் எல்லையைச் சோதிக்க இறங்கிய மோரீஸ் பார்க் என்ற தோழர், 120 மீட்டரில் கையெழுத்திட்டுவிட்டுப் பிணமாகவே மேலே வந்தார். கடல் தன் எல்லையை இரக்கமின்றிச் சொல்லிற்று.

1950இல் கூஸ்தோவின் கைக்கு வந்தது கலிப்சோ என்னும் மரக்கப்பல். போர்க்காலத்தில் கண்ணிவெடி வாரிய கப்பல். பின்னர் மால்டாவில் பரிசல் கப்பல். செல்வர் ஒருவர் அதை வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்க் வாடகைக்கு அவரிடம் விட்டார். அதை ஆய்வுக் கப்பலாக்கும் செலவுக்கு மனைவி சிமோன் தம் நகைகளை விற்றுக் கொடுத்தார் என்பர். வீட்டுக்காரியின் கழுத்து நகை அடகுக் கடைக்குப் போய்தான் பெருஞ்செயல் எதுவும் தொடங்கும் என்பது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல போலும்! செங்கடலுக்குப் பாய் விரித்தது கலிப்சோ. பணம் வறண்டபோது, 1954இல் பாரசீக வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனிக்காகக் கடலடியைத் துருவிக் கொடுத்தார். இன்று சூழல் காவலர் என்று புகழப்படுபவரின் கணக்கேட்டில் எண்ணெய்க் காசும் ஏறியிருக்கிறது.

1956இல் வெளிவந்தது 'மௌன உலகம்' என்னும் அவரது வண்ணப்படம். கான் விழாவில் முதற்பரிசு. ஆஸ்கார் பரிசும் வந்தது. கடலடியைக் கண்டறியாத கோடிக்கணக்கான மக்கள் கொட்டகையிலே வாய்பிளந்து அமர்ந்தனர். ஆனால் அதே படத்தை இன்று பார்ப்பவர் முகம் சுளிப்பர். ஒரு திட்டிலே எத்தனை வகை மீன் உண்டு என்று கணக்கெடுக்க அதை வெடி வைத்துத் தகர்க்கிறார்கள். ஆமையின் மீது ஏறிச் சவாரி செய்கிறார்கள். தங்கள் கப்பலே மோதிக் காயப்படுத்திய திமிங்கிலக் குட்டியைச் சுறாக்கள் மொய்த்தபோது, ஆத்திரத்தில் அந்தச் சுறாக்களை இழுத்துப் போட்டு வெட்டிச் சாய்க்கிறார்கள். ஒன்றையும் ஒளிக்கவில்லை, பெருமையோடு காட்டினார்கள். அது அவருடைய குற்றம் மட்டுமல்ல. கடல் வற்றாதது, அள்ள அள்ளக் குறையாதது என்று அந்தக் காலம் முழுவதுமே நம்பியது.

அந்த நம்பிக்கையை உடைத்தது எது? நூலறிவல்ல, கண்ணறிவு. இளமையில் தாம் மூழ்கிய மத்தியதரைக் கடலின் அதே இடங்களில் மீண்டும் மூழ்கினார். மீன் கூட்டம் மெலிந்திருந்தது. புல்வெளி சிதைந்திருந்தது. தாம் ஈடுபட்ட ஈட்டி விளையாட்டும் அந்த அழிவிலே பங்கு கொண்டிருந்தது. முதலில் கண்டவர் என்பதால், இழந்ததை முதலில் உணர்ந்தவரும் அவரே.

1957 முதல் மொனாக்கோ கடலாய்வு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தார் கூஸ்தோ. 1960இல் பிரெஞ்சு அணுசக்தித் துறை, கதிர்வீச்சுக் கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டத் திட்டமிட்டது. தம் நாட்டு அரசையே எதிர்த்துக் குரல் கொடுத்தார். கரையோர மக்கள் திரண்டனர். திட்டம் நின்றது. கடற்படை அதிகாரியாக இருந்தவர், அரசின் தயவால் கப்பல் ஓட்டியவர், அரசை எதிர்த்து நின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனாலும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1962இலும் 1963இலும் 1965இலும் கடலடியில் வீடு கட்டி மனிதரைக் குடியமர்த்திப் பார்த்தார். கடலடியே நாளைய ஊர் என்று கனவு கண்டார். பிறகு அந்தக் கனவைத் தாமே கைவிட்டார். குடியேறுவதை விடக் காப்பாற்றுவதே முதல் வேலை என்ற முடிவுக்கு வந்தார். 1968 முதல் எட்டாண்டுகள் தொலைக்காட்சித் தொடர் வழியே வீடுதோறும் கடலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1973இல் கடல் காப்புக்காகச் சங்கம் கண்டார். 1979இல் அவருடைய வாரிசாகக் கருதப்பட்ட இளைய மகன் பிலிப் விமான விபத்தில் மாண்டார். எழுபது வயதை எட்டும் தந்தைக்கு அதைவிடப் பெரிய இடி ஏது? இருந்தும் 1980களில் அமேசான் ஆற்றைத் தேடிப் போனார். கடலைக் காக்க விரும்புபவர் ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டதன் விளைவு அது. அண்டார்டிகாவில் கனிமம் தோண்டக் கூடாது என்று உலகெங்கும் கையெழுத்துத் திரட்டினார். 1991இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அந்தத் தோண்டலைத் தடுத்தது. 1996 ஜனவரியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் தெப்பக்கப்பல் மோதிக் கலிப்சோ மூழ்கியது. 1997 ஜூன் 25ஆம் நாள், 87ஆம் வயதில், கூஸ்தோ மறைந்தார்.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? மூழ்கிப் பார்த்திராவிட்டால் கூஸ்தோ காவலராகியிருக்க மாட்டார். கண்ணால் கண்டதே அவரை மாற்றியது. ஆகவே பூட்டைப் போடு என்பாருக்கு அவர் வாழ்க்கை இடம் கொடுக்கவில்லை. மற்றொரு புறம், அவர் திறந்துவிட்ட வழியே இறங்கிய கூட்டம் சும்மா இருக்கவில்லை. துடுப்புக்கால் பட்டுப் பவளம் ஒடிகிறது. படகின் நங்கூரம் விழுந்து திட்டே சிதைகிறது. கிளைப்பவளம் ஆண்டுக்குச் சில அங்குலம் வளர்ந்தால் உண்டு. பாறைபோல் திரண்ட பவளமோ ஆண்டுக்கு ஓர் அங்குலம்கூட வளர்வதில்லை. ஒருவர் ஒரு நொடியில் மிதித்து உடைப்பது, அவர் பேரப்பிள்ளை காலத்திலும் கூடாமல் போகலாம். ஆகவே கதவைத் திற என்பாருக்கும் அவர் வாழ்க்கை அரணாக நிற்கவில்லை.

எல்லையோடு திறந்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். கூஸ்தோ மூழ்கப் பழகிய அதே கரையோரத்தில், போர்க்ரோ தீவைச் சுற்றி 1963இல் பிரான்சு பூங்கா அமைத்தது. ஈட்டி வேட்டைக்குத் தடை வந்தது. அருகிப் போயிருந்த பெரிய களவாய் மீன்கள் திரும்பி வந்தன. இன்று அங்கே மூழ்குவோர் ஒழுங்கு விதிகளுக்கு உடன்பட்டே இறங்குகிறார்கள். தென் அமெரிக்காவுக்கு வடக்கே பொனேர் என்றொரு சிறு தீவு. 1979இல் கடற்பூங்கா கண்டது. 1992 முதல் மூழ்குவோர் ஒவ்வொருவரிடமும் கட்டணம் வாங்கி அந்தப் பணத்தைப் பூங்காக் காவலுக்கே செலவிட்டது. நங்கூரம் போடக் கூடாது. நிலையாகக் கட்டிய மிதவையில்தான் படகைப் பிணைக்க வேண்டும். ஓரிடத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரம் முழுக்குகளுக்கு மேல் போனால் பவளம் தாங்காது என்று ஆய்வாளர்கள் அங்கே கணக்கிட்டனர். பிலிப்பைன்சு நாட்டு அப்போ தீவிலோ, 1980களில் மீனவர்களே கடலின் ஒரு பகுதியை மூடிவைத்தார்கள். மீன் பெருகியது. பார்க்க வந்தவர் கொடுத்த கட்டணம் ஊருக்கும் வந்தது. எல்லையைப் போட்டவர் ஊரார், காத்தவர் ஊரார், பயன் கண்டவரும் ஊரார்.

இனி நம் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவுக்கு மூழ்குவது புதிதல்ல. ஈராயிரம் ஆண்டுகளாகக் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கியவர்கள் நம் முத்துக்குளிகாரரும் சங்குக்குளிகாரரும். அந்தத் தொழிலிலும் எல்லை இருந்தது. பாரிலே சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சலாபம் நடந்தது. ஆண்டுக்கணக்கில் நடக்காமலும் இருந்தது. தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு சலாபமே இல்லை. சங்கை வளையத்தில் இட்டு அளந்தார்கள். அளவுக்குக் குறைந்த குஞ்சுச் சங்கு உயிரோடு கடலுக்கே திரும்பியது. காப்பு என்ற சொல்லைக் கருத்தரங்குகள் கண்டுபிடிக்கும் முன்பே, கடலைக் காத்துக்கொண்டே அதில் பிழைக்கும் வழி நம் கரையில் இருந்தது.

நாம் எல்லோரும் அப்படியே யோக்கியமாக இருந்தோம் என்றும் சொல்வதற்கில்லை. சுண்ணாம்புக் காளவாய்க்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தைப் பல்லாண்டுகள் வெட்டி அள்ளினோம். 2001இல் பவளத்தைச் சட்டம் காத்த பிறகே அந்தக் கொள்ளை படிப்படியாக அடங்கியது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தது. களிமூழ்குவோர் வராமலே இத்தனையும் நடந்திருக்கிறது. நலிந்த உடம்பின் மீது புதிய சுமையை ஏற்றுமுன் எடை பார்க்க வேண்டாமா?

இதிலே நீதி ஒன்றும் அடங்கியிருக்கிறது. பூங்கா வந்தபோது வயிற்றுக்காக இறங்கியவர்களுக்குத் தடை வந்தது. தீவோரத்தில் கடற்பாசி எடுத்த பெண்கள் விரட்டப்பட்டார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? சங்கமாகக் கூடி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண் ஒருவர் 2015இல் சீகாலஜி என்ற உலகப் பரிசைப் பெற்றதும் இந்தப் போராட்டத்துக்காகவே. வயிற்றுக்காக மூழ்கியவனுக்கும் பாசி பறித்தவளுக்கும் கதவடைத்துவிட்டு, களிப்புக்காக மூழ்குபவருக்கு அதே கதவைத் திறந்துவிட்டால், அதற்குப் பெயர் காப்பா? கடற்கரையைக் காசுள்ளவருக்குப் பட்டாப் போட்டுக் கொடுப்பதற்குத்தான் அது நிகராகும்.

ஆகவே நாம் கேட்பது இவைதாம். தீவுகளில் எவரையும் மூழ்கவிடுமுன் எந்தத் திட்டு தாங்கும், எது தாங்காது என்று ஆய்ந்து ஊரறிய அறிவிக்க வேண்டும். ஒவ்வோரிடத்துக்கும் நாள் எல்லையும் ஆண்டு எல்லையும் வேண்டும். கடல் சூடேறும் கோடைத் திங்களில் அடியோடு மூட வேண்டும். நங்கூரத்துக்கு இடமில்லை, மிதவைக் கட்டே வேண்டும். புதிதாகப் பழகுபவர் பவளத்தின் மேல் பழகக் கூடாது. குளத்திலோ மணல் தரையிலோ பழகித் தேறிய பிறகே திட்டுக்கு வர வேண்டும். வழிகாட்டும் வேலை கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தூத்துக்குடிக் குளியாளர் குடும்பங்களுக்கும் பாசிப் பெண்களின் குடும்பங்களுக்கும் முதலில் சேர வேண்டும். காற்றமுக்கி இயந்திரத்தின் குழாயைக் கவ்விக்கொண்டு உயிரைப் பணயம் வைத்து மூழ்கும் இளைஞனுக்கு முறையான பயிற்சியும், உரிமமும், காப்புறுதியும் கொடுத்தால், அவனைவிட அந்தக் கடலை அறிந்த காவலன் எங்கே கிடைப்பான்? கட்டணப் பணத்தின் கணக்கு கரையோர ஊர்களின் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். பவளம் குறைகிறது என்று தெரிந்தால் அந்த நாளே மூடும் அதிகாரம் வேண்டும்.

இந்த விதிகளை ஏற்காத வாணிபம் மன்னாருக்கு வேண்டாம். ஏற்கும் வாணிபம் வரட்டும். நம் பிள்ளைகளும் ஒருநாள் கண்ணாடி அணிந்து தலையை நீருக்குள் விட்டு, தங்கள் நாட்டுச் சொத்தைத் தங்கள் கண்ணாலே காணட்டும். வெளிநாட்டார் எடுத்த படத்தில் மட்டுமே நம் கடலைப் பார்க்கும் தலைமுறைக்கு அதன் மீது பற்று எங்கிருந்து வரும்?

பாலவனத்தம் வட்டாரத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு, மழை பெய்த ஆண்டில் மூக்கையூர்ப் பக்கம் போய் அதே மன்னார்க் கடலில்தான் விழுகிறது. நாம் ஆற்றில் எறிந்த பிளாஸ்டிக் பையும், பருத்திக்கு அடித்து மிஞ்சிய மருந்தும், சாக்கடையும் அந்த வெள்ளத்தோடு கடலுக்குப் போகின்றன. கடலைக் காக்க ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று கூஸ்தோ முதுமையில் கண்டது நம் குண்டாற்றுக்கும் பொருந்தும். அன்று பாண்டித்துரைத் தேவர் காலத்தில் கடலில் பங்கு கேட்டவர் 25 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. இன்று பங்கு கேட்பவர் கட்ட வேண்டியது, குண்டாற்றில் குப்பை விழாமல் காப்பதே. அந்தப் பங்கைக் கட்டிவிட்டு அரசிடம் கேட்போம். கேட்கும் குரலுக்கு வலு இருக்கும்.